பிலாத்து வரிக்கு மட்டும் வாய் திறந்தவர்

சாத்தூரிலிருந்து சிவகாசி வரை சல்லடை போட்டுத் தேடினாலும் எங்கள் சாம்பிள் அண்ணாச்சி மாதிரி ஒரு கிறிஸ்தவர் கிடைக்கமாட்டார். கடவுளையே சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் கும்பிடுவேன் என்கிற ஆள்.

தாயில்பட்டி பக்கம் ஒரே பட்டாசுக் கம்பெனியில் இருந்தோம். எனக்கு லேபிள் பிரிவு. அவருக்கு ஒவ்வொரு லோடிலும் சாம்பிளுக்குப் பத்து வெடியை எடுத்து, வெடித்துப் பார்த்து, கையெழுத்துப் போடும் வேலை. அந்தப் புத்தி வெளியிலும் அவரை விடவில்லை. சாத்தூர் பஸ் வந்தால் போர்டைப் பார்ப்பார், டிரைவரைக் கேட்பார், கண்டக்டரைக் கேட்பார், உள்ளே சாத்தூர்க்காரர் யாராவது இருக்கிறாரா என்றும் விசாரிப்பார். அதற்குள் பஸ் போய்விடும்.

சர்ச்சில் எல்லோரும் எழுந்து நின்று, தாங்கள் நம்புவதையெல்லாம் விசுவாசப் பிரமாணமாகச் சொல்லும்போது, அண்ணாச்சி வாயைப் பூட்டிக்கொண்டு நிற்பார். இயேசுவைச் சிலுவையில் அறையத் தீர்ப்புச் சொன்ன பிலாத்து பெயர் வருகிற வரிக்கு மட்டும் கூரை அதிரக் கத்துவார். ஒரு கிறிஸ்துமஸுக்கு அவரோடு போன நான் மிரண்டுவிட்டேன்.

"அதென்ன அண்ணாச்சி, அந்த ஒரு வரிக்கு மட்டும்?"

"ஏலே, பிலாத்து ரோமாபுரி கவர்னர். சரித்திரத்துல ஆதாரம் இருக்கு. மிச்சத்துக்குப் பிரமாணம்னு பேருதான் இருக்கு, பிரமாணத்தக் காணோம்லே!"

இந்த வம்பு கடைசியில் அவர் கல்யாணத்தில் வந்து நின்றது. பெண், எங்கள் பேக்கிங் பிரிவு ஜெபமணி. அவள் என்றால் அண்ணாச்சிக்கு உயிர். போதகரோ, பிரமாணத்தை முழுசாகச் சொன்னால்தான் கல்யாணம் நடத்திவைப்பேன் என்று சொல்லிவிட்டார்.

"பொய் சொல்லியா ஐயா அவளக் கட்டணும்?" என்றார் அண்ணாச்சி. எனக்கே பாவமாக இருந்தது.

பக்கத்தில் நின்ற ஜெபமணி அவர் பக்கம் திரும்பினாள். "பொய்யெல்லாம் வேண்டாம். நீங்க வெடிச்சுப் பாத்த பத்தும் சாம்பலாப் போகுது. பெட்டியில போறது பூரா வெடிச்சுப் பாக்காதது. அதுக்கு எப்படிக் கையெழுத்துப் போடுறீக?"

"பத்தும் நல்லா வெடிச்சா மிச்சத்த நம்ப வேண்டியதுதான?"

"சரி. என்னக் கட்டணும்னு நிக்கிறீகளே, எதச் சாம்பிள் பாத்தீக?"

போதகருக்குப் புரையேறியது. அண்ணாச்சி காது வரை சிவந்துபோனார்.

"ஒண்ணும் பாக்கல ஜெபமணி."

"அங்கன சர்ச்சுல மட்டும் என்ன, 'நிரூபிச்சுட்டேன்'னா சொல்லச் சொல்றாக? 'விசுவாசிக்கிறேன்'னுதான!"

அண்ணாச்சி அந்த வார்த்தையை இரண்டு தடவை தனக்குள் சொல்லிப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். "அட, எம்புட்டையோ சோதிச்சேன், இந்த வார்த்தைய ஒழுங்காப் பாக்கலியே நான்!"

கல்யாணத்தன்று முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை அவர் போட்ட சத்தத்தில் தெருவில் போனவர்கள் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். நான் சர்ச்சுக்காரன் இல்லை, எனக்கு அதில் ஒரு வரியும் தெரியாது. ஆனாலும் அந்த மனுஷர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்துவிட்டு, நானும் சத்தமாக ஆமென் சொன்னேன்.