கோட்டம் விழாமல் கொழும்பு போன சக்கரங்கள்

சேசு மரி சூசை துணை

பாலக்கரை, திருச்சிராப்பள்ளி
வியாழக்கிழமை மத்தியானம்

கொழும்பு கொட்டாஞ்சேனையில் வசிக்கும் மைத்துனன் அருள்நாதனுக்கு, உன் அக்காள் புருஷன் பிலோமின்ராஜ் எழுதிக்கொண்டது. சர்வேசுரன் கிருபையால் இங்கே உன் அக்காள் அற்புதம் சுகம், கோழிகள் சுகம், போன மழையில் ஒழுகிய ஓடும் மாற்றியாயிற்று. அங்கே நீயும் உன் சம்சாரமும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் சுகமாக இல்லை.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உன்னோடு நானாக வாய் திறந்து பேசுவதில்லை, உன் வீட்டு வாசற்படி மிதிப்பதில்லை என்று நான் சொன்னது சொன்னதுதான். நீ லீவில் வந்தபோது என்னைக் கேட்காமல் என் சைக்கிளை எடுத்துக்கொண்டு திருவெள்ளறை வரைக்கும் போய், முன்சக்கரத்தைக் கோணலாக்கிக்கொண்டு வந்து, ஒரு வார்த்தை சொல்லாமல் சுவரில் சாத்திவிட்டு, அன்றைக்கே ரயிலேறிப் போனாயே, அதை நான் மறக்கவில்லை. மறுநாள் காலைப் பூசைக்கு அதில் ஏறிப் போய், கோயில் வாசலில் பங்குச் சாமியார் காலடியில் விழுந்தவன் நான். நான் ஏதோ பக்தியில் விழுந்தேன் என்று நினைத்து அவர் ஆசீர்வாதம் வேறு கொடுத்தார். ஆனால் கடிதம் எழுதுவது பேச்சில் சேராது என்பதால் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அங்கே நடக்கும் சைக்கிள் பந்தயத்துக்கு என் மகன் விக்டர் இன்று காலை விமானம் ஏறிவிட்டான். நீ கொடுத்தனுப்பிய அலுமினியச் சக்கரங்களில்தான் ஓட்டப்போகிறான். இங்கே விளையாட்டுக்காரர்களுக்கென்று ஒரு வேலை காலியாக இருக்கிறது, இந்தப் பந்தயத்தில் முதலாவது வந்தால் அவனுக்குத்தான் என்று அதிகாரிகள் வாய்விட்டே சொல்லிவிட்டார்கள். பிள்ளை விடியற்காலையில் ஸ்ரீரங்கம் பாலத்தில் போவதும் வருவதுமாகக் கால் தேய்ந்துபோனான். அவன் காலைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. கவலை எல்லாம் சக்கரத்தைப் பற்றித்தான். போன வருஷம் இங்கிருந்து போன ஒரு பையன் ரயிலிலும் கப்பலிலுமாகச் சைக்கிளை ஏற்றிக்கொண்டு போய், கொழும்பில் இறக்கிப் பார்த்தால் சக்கரம் நொறுங்கின அப்பளம் மாதிரி இருந்ததாம். இந்த வருஷம் பந்தயக்காரர்களே விமான டிக்கெட் கொடுத்தார்கள். உன் அக்காள் என்னையும் கூடப் போகச் சொல்லி, விக்டருக்கு எடுக்கும்போதே எனக்கும் பாஸ்போர்ட்டும் விசாவும் எடுக்கவைத்தாள். அது பீரோவில் கிடக்கிறது, அங்கேயே கிடக்கட்டும்.

சக்கரத்தைக் கட்டும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். சத்திரத்துப் பக்கம் சைக்கிள் கடை வைத்திருக்கும் நிஜாமுதீனை நேற்று வீட்டுக்கே கூட்டிவந்தேன். அவர் வந்ததும் வராததுமாக, "காத்த எறக்கிடுங்க சார், மேல போனா டியூப் வெடிச்சிரும், பிளேனே ஆடிப்போயிரும்" என்றார். அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. வெடித்தால் என் பிள்ளையும் அல்லவா உள்ளே இருக்கிறான். காற்றை இறக்கினோம். இறக்கினால் ரிம் அடிபடும் என்று எனக்குத் தோன்றவே கொஞ்சம் அடித்தோம். மறுபடியும் பயம் வந்து இறக்கினோம். கடைசியில் பாதிக் காற்றில் நிறுத்தி, கல்யாணச் சீர் வைக்கும் பெரிய மூங்கில் தட்டு இரண்டை எடுத்து, ஒன்றில் தேங்காய் நாரைப் பரப்பிச் சக்கரத்தைப் படுக்கவைத்து மற்றதால் மூடினால், நடுவிலிருக்கிற அச்சு துருத்திக்கொண்டு தட்டு உட்காரவே மாட்டேன் என்கிறது. அச்சைக் கழற்று என்றேன். "வேணாம் சார், இது சீமைச் சாமான், இதுக்குப் பொருந்துற அச்சு வேற எங்கயும் கெடைக்காது" என்று நிஜாமுதீன் இழுத்தார். அதனால்தான் கழற்றச் சொல்கிறேன் என்றேன், யாராவது அதன்மேல் பெட்டியை வைத்து வளைத்துவிட்டால் என்ன செய்வது. இதில் எனக்கு அனுபவம் உண்டு என்பது உனக்கே தெரியும். நம் கோயில் சப்பரத்துக்கு இத்தனை வருஷமாக நான்தான் பொறுப்பு. தேர்பவனி முடிந்ததும் பையன்கள் விளையாட்டுக்கு இழுத்துக்கொண்டு போகாதபடி கடையாணிகளைப் பிடுங்கி, அடுத்த திருவிழா வரைக்கும் பத்திரமாக வைத்திருக்கிறேன், ஒன்றுகூடத் தொலைந்ததில்லை. ஆகவே இரண்டு அச்சையும் கழற்றி, அதில் உருளும் இரும்புக் குண்டுகளையும் மரைகளையும் சேர்த்துக் கைக்குட்டையில் முடிந்து, தட்டுகளைக் கயிற்றால் இறுக்கிச் சாக்கில் வைத்துத் தைத்து முடித்தோம்.

இன்று விமான நிலையத்தில் எடை போடுகிறவர் மூட்டையைத் தட்டிப் பார்த்து, "என்னங்க இது, சீர்வரிசையா? பொண்ணு யாரு?" என்று கேட்டார். எனக்கு இருந்த படபடப்பில் சிரிக்க வரவில்லை. "சக்கரங்க. காத்து பாதிதாங்க இருக்கு" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்து, பக்கத்திலிருந்தவரையும் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். சைக்கிள் சட்டம் தனியாகப் போயிற்று, சாக்கு மூட்டை தனியாகப் போயிற்று. நான் வேலி ஓரத்தில் நின்றேன். தள்ளுவண்டியில் மூட்டையை அடியில் போட்டு, அதன்மேல் ஒரு தகரப் பெட்டியைத் தூக்கி வைத்தான் பாவி. "ஐயா, அதுமேல வைக்காதீங்க, அது என் புள்ள பொழப்பு" என்று நான் போட்ட சத்தத்தில் போலீஸ்காரர் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். ஆனாலும் பெட்டியை எடுத்துக் கீழே வைத்தார்கள். விமானத்தின் படியில் நின்று விக்டர் கை காட்டினான் என்று போலீஸ்காரர்தான் சொன்னார். நான் மூட்டை உள்ளே போவதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன். பெற்ற பிள்ளை முதல்முதலாக ஆகாயத்தில் போகிறான், அவன் முகத்தைப் பார்க்காமல் சாக்கைப் பார்த்தேனே.

ஆகையால் அருள்நாதா, நான் சொல்கிறபடி செய். நீயாக மூட்டையைப் பிரிக்காதே, விக்டர் பிரிக்கட்டும். சக்கரத்தில் ஏறி ஒரு சுற்றுப் பார்க்கிறேன் என்று கொட்டாஞ்சேனையைச் சுற்றாதே, உன் கைராசி எனக்குத் தெரியும். இங்கிருந்து எல்லாம் சரியாக, ஒரு திருகாணி குறையாமல் அனுப்பியிருக்கிறேன். அங்கே ஏதாவது குறைந்தால் அது உன் வீட்டில் குறைந்ததுதான். நான் பந்தயம் பார்க்க வரவில்லை, வரப்போவதும் இல்லை.

பிள்ளைக்கு ராத்திரி பால் கொடுக்கச் சொல். தேவமாதா உங்கள் எல்லோரையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாற்றட்டும். உன் சம்சாரத்துக்கு என் ஆசீர்வாதத்தைச் சொல். உனக்கும் கொஞ்சம் எடுத்துக்கொள்.

இப்படிக்கு,
பிலோமின்ராஜ்

பி.கு. கடிதத்தை ஒட்டப்போகும் நேரத்தில், துவைக்கப் போட்ட என் கோட்டை எடுத்துக்கொண்டு உன் அக்காள் வந்தாள். பாக்கெட் கனக்கிறதாம். "ஏங்க, திருவிழாவே இன்னும் வரல, அதுக்குள்ள கடையாணியப் புடுங்கி வச்சிருக்கீங்க?" என்று கைக்குட்டை முடிச்சை என் முன்னால் வைத்தாள். பிரித்தேன். அச்சு இரண்டும் இருக்கின்றன, மரைகள் இருக்கின்றன, குண்டுகள் மேஜையிலிருந்து உருண்டு கட்டிலுக்கு அடியில் போய்விட்டன. இருவரும் குப்புறப் படுத்துப் பொறுக்கினோம். கழற்றியது என் பொறுப்பில்தான் இருக்கவேண்டும் என்று கை தானாகப் பாக்கெட்டுக்குப் போயிருக்கிறது.

தந்தி கொடுத்தால் என்ன என்றாள் அற்புதம். தந்தியில் அச்சு போகுமா? இருந்தாலும் விக்டர் மூட்டையைப் பிரித்துப் பதறாமலிருக்க, அச்சு வருகிறது என்று ஒரு தந்தி அடித்துவிட்டேன். அடுத்த விமானம் பந்தயத்துக்குப் பிறகுதானாம். அதனால் பாஸ்போர்ட்டைப் பீரோவிலிருந்து எடுத்தாயிற்று. இன்று இரவு கப்பல் ரயில் பிடித்துக் கடல் தாண்டுகிறேன், வழியில் மண்டபத்து முகாமில் ஊசி போட்டாலும் போட்டுக்கொள்கிறேன். சனிக்கிழமை காலையில் அங்கே இருப்பேன். உன் அக்காள் முறுக்கு சுடுகிறாள், உனக்கு என்று சொல்லித்தான் சுடுகிறாள்.

கடிதத்தைத் தபாலில் போடவில்லை, கையிலேயே கொண்டுவருகிறேன். உன் வீட்டுக் கதவைத் தட்டி இதை உன்னிடம் நீட்டுவேன். வாய் திறக்க மாட்டேன், படிக்கு வெளியேதான் நிற்பேன். நின்றபடியே இதுவரைக்கும் படித்துவிட்டு, நீ முதலில் "வாங்க மச்சான்" என்று சொல்லிவிடு. சக்கரம் கோணினதைப் பற்றி ஒன்றும் சொல்லவேண்டாம், வாங்க என்றால் போதும். நான் உள்ளே வந்துவிடுகிறேன்.