ஜன்னல் இல்லாத அறையும் ஒரே நாளில் வந்த சொந்தமும்

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் அக்கா மகள் வணக்கத்துடன் எழுதுவது. அத்தையும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். நாங்களும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், பேனா நகரவில்லை. கடிதம் கண்டதும் கிளம்பி வாருங்கள்.

புது வாடகைச் சட்டம்தான் காரணம். வாடகைக்கு விடும் அறைக்கு ஜன்னல் இருக்க வேண்டுமாம், குடியிருப்பவர்களைக் காரணமில்லாமல் காலி செய்யச் சொல்லக் கூடாதாம். எங்களுக்கு நல்லதுதானே என்று நானும் அம்மாவும் தையல் மெஷினை நிறுத்திவிட்டுச் சந்தோஷப்பட்டோம். ஆனால் எங்கள் அறையில் ஏது ஜன்னல்? அதிகாரி வருகிறார் என்றதும் வீட்டுக்காரர் வெறும் சுவரில் பூப்போட்ட திரையை மாட்டிவிட்டார். வந்தவருக்கு ஒரே வியர்வை. "அதைத் திறங்கம்மா, காத்து வரட்டும்" என்று அவரே போய்த் திரையை விலக்கினார். சுவரைப் பார்த்தார். வீட்டுக்காரரைப் பார்த்தார். வீட்டுக்காரர் பதறிப்போய், "வாடகையா? யாரு சார் வாடகைக்கு இருக்கா? இவங்க நம்ம குடும்பம் சார்!" என்று சொல்லிவிட்டார்.

அதிகாரி அம்மாவிடம், "இவர் உங்களுக்கு என்ன வேணும்?" என்றார். அம்மா எப்போதும் கூப்பிடுகிற பழக்கத்தில் "அண்ணன்" என்றாள். அத்தோடு விட்டிருக்கலாம். என் பக்கம் திரும்பி, "உனக்கு?" என்றார். புது ஆள் முன்னால் எனக்கு வாயே திறக்காது என்று உங்களுக்குத் தெரியும். அன்றைக்குப் பார்த்துத் திறந்தது. "பெரியப்பா" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அம்மாவுக்கு அண்ணன், பொண்ணுக்குப் பெரியப்பாவா? அது எப்படிம்மா?"

வீட்டுக்கார அம்மாதான் காப்பாற்றினார். "சின்ன வயசுலேர்ந்து அப்படித்தான் சார். மாமான்னு சொல்ல வெக்கம்." அதிகாரி சிரித்துவிட்டு, கூட்டுக்குடும்பம் என்று எழுதிக்கொண்டு போனார்.

போனபிறகுதான் வினை. வீட்டுக்கார அம்மா நாலு ரவிக்கைத் துணியைக் கொண்டுவந்து போட்டு, "அண்ணிகிட்டயா கூலி வாங்குவே?" என்கிறார். வீட்டுக்காரரோ வீட்டை விற்கப் போகிறாராம், எங்களைக் காலி செய்யச் சொல்கிறார், வாங்குகிறவரும் வந்து அளந்து பார்த்துவிட்டார். அம்மா சட்டத்தைச் சொன்னாள். "அது வாடகைக்காரங்களுக்கும்மா. நீங்கதான் சொந்தக்காரங்களாச்சே, அண்ணன் சொன்னா கேக்கணும்" என்கிறார். வேறு அறை தெருத்தெருவாகக் கேட்டுவிட்டோம். தையல் மெஷின் என்றதுமே சத்தம் வரும் என்று கதவைச் சாத்துகிறார்கள். அம்மா பாவாடைக்குக் கையும் சட்டைக்கு நாடாவும் வைத்துத் தைக்கிறாள், நான் பிரித்துப் பிரித்து வைக்கிறேன். எங்கே போவோம் மாமா? எனக்குப் பேச வராது, அம்மாவுக்கு அழுகைதான் வருகிறது. நீங்கள் வந்து நாலு வார்த்தை கேட்டால்தான் அவர் அடங்குவார். லீவு கிடைக்காவிட்டாலும் வாருங்கள்.

அத்தைக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு முத்தம்.

இப்படிக்கு,
உங்கள் அக்கா மகள்

பின்குறிப்பு: ஒட்டுவதற்குள் வீட்டுக்காரர் ஆப்பிளோடு வந்துவிட்டார். கூட்டுக்குடும்பம் என்று பதிவாகிவிட்டதால், வீட்டிலுள்ள பெரியவர்கள் எல்லாரும் கையெழுத்துப் போட்டால்தான் விற்க முடியுமாம். "தங்கச்சி, ஒரே ஒரு கையெழுத்து" என்கிறார். அம்மா மெஷினிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "என் தம்பி வரட்டும் அண்ணா. உங்களுக்கும் அவன் தம்பிதானே? அவன் வந்து பாக்காம நான் எதுலயும் கையெழுத்துப் போட மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். ஆகவே மாமா, உங்களுக்குப் புண்ணியமாகப் போகும், இந்தப் பக்கம் வந்துவிடாதீர்கள்.