மாமா கொண்டுவந்த மண்

அந்தத் தட்டை வேகவைத்துக் கொன்றது ஆராய்ச்சியாளரேதான். வேறு யாரையாவது திட்டி ஆறுதல் அடையலாமென்றால் அதற்கும் வழியில்லை.

ஒன்பது வருஷமாக அவருக்கு ஒரே வேலை. கால்விரல் இடுக்கில் குடியேறி எந்தக் களிம்புக்கும் மசியாத ஒரு பூஞ்சை. அதை அடக்குகிற பாக்டீரியா எந்த மண்ணிலாவது இருக்கிறதா என்று தேடுவது. சொந்தத்தில் யார் வெளியூர் கிளம்பினாலும் கையில் ஒரு சின்ன பாட்டிலைத் திணித்து, ஒரே ஒரு ஸ்பூன் மண் என்று கெஞ்சுவார். அவருக்குப் பயந்தே பலபேர் சொல்லாமல் ஊருக்குப் போனார்கள்.

போன மாசம், பூஞ்சை வளர்க்கும் கண்ணாடித் தட்டு ஒன்றில் பூஞ்சை வட்டமாகப் பின்வாங்கியிருந்தது. நடுவில் இருந்தது அக்கா வீட்டுக்காரர் கொண்டுவந்த மண்ணில் கிடைத்த பாக்டீரியா. போட்டோ எடுத்தார், இயக்குநரிடம் ஓடினார், திரும்பி வந்து சந்தோஷத்தில் மேஜையைச் சுத்தம் செய்தார். மனுஷன் சந்தோஷப்பட்டால் இப்படித்தான். பழைய தட்டுகளோடு அந்தத் தட்டும் கழிவுகளை வேகவைக்கும் பெரிய குக்கருக்குள் போய்விட்டது. பாட்டிலிலும் மண் மிச்சமில்லை.

இயக்குநர் போட்டோவை நம்புகிற ஆளில்லை. மாசக் கடைசிக்குள் அந்தப் பாக்டீரியாவை உயிரோடு காட்ட வேண்டும், இல்லாவிட்டால் வேலையும் கிடையாது, அறையும் கிடையாது என்று சொல்லிவிட்டார்.

பாட்டில்மேல் 'மாமா, மலை' என்று எழுதியிருந்தது. மாமாவுக்குப் போன் போட்டார். மூணாவது வளைவு, பெரிய மரத்தடி என்றார் மாமா. பஸ் பிடித்துப் போய்ப் பார்த்தால் மூணாவது வளைவில் பதினோரு பெரிய மரம். நாற்பது பொட்டலம் அள்ளி வந்தார். பத்து நாள் கழித்து, நாற்பது தட்டிலும் பூஞ்சை கொழுகொழுவென்று வளர்ந்திருந்தது.

மறுபடி போன். ஒருவேளை அஞ்சாவது வளைவோ என்று மாமா இழுத்தார். அங்கே போய்த் தோண்டும்போது வனக்காவலர் பிடித்துக்கொண்டார். என்ன புதைக்கிறாய் என்று கேட்டார். புதைக்கவில்லை, பாக்டீரியா தேடுகிறேன் என்றதும் காவலருக்குச் சந்தேகம் உறுதியாகிவிட்டது. பொட்டலங்களைப் பறித்துக்கொண்டு இயக்குநருக்கே போன் போட்டார். அப்படி யாரையும் தெரியாது என்று முதலில் சொன்ன இயக்குநர், அப்புறம் மனசு மாறி, அனுமதியில்லாமல் மலையைத் தோண்டியதற்கு விளக்கம் கேட்டு ஒரு கடிதம் அனுப்பினார். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான்.

மாசம் முடிய பன்னிரண்டே நாள் இருக்கும்போது அக்கா வீட்டு நாற்காலியில் வந்து விழுந்தார். முழங்கால் இரண்டும் வீங்கியிருந்தது. மாமாவே நேரில் வந்து இடத்தைக் காட்டட்டும் என்றார். மாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.

"அக்கா, நீயாவது சொல்லேன். அந்த மண்ணு கிடைக்கலன்னா என் ஒன்பது வருஷமும் போச்சு. இந்த வயசுல எனக்கு வேற யாரு வேலை குடுப்பா?"

அக்கா வெங்காயம் நறுக்குவதை நிறுத்தினாள். குளியலறைக் கதவைப் பார்த்தாள். தம்பியைப் பார்த்தாள்.

"பாவம்டா, அவரை விட்டுடு. மலையில மண்ணெடுக்க மறந்துட்டாரு. நீ பாட்டில் கேட்டு வந்து உக்காந்திருந்தியா, வேற வழி தெரியாம வாசல்ல கிடந்த உன் செருப்பைத்தான் சுரண்டிப் போட்டுக் குடுத்தேன்."