கறுப்புப் பட்டியலில் ஒரு மணிப்புறா

இதை எனக்கு முதலில் சொன்னது ரத்மி. போன பெருநாளுக்கு மறுநாள், மிச்சமிருந்த பலகாரத்தை நாங்கள் இரண்டு பேரும் டப்பாவில் அடைத்துக்கொண்டிருந்தபோது சொன்னாள். தன் அக்கா சுமியாதியின் வீட்டு விஷயம் என்பதால் முதலில் கொஞ்சம் தயங்கினாள். பிறகு சிரிப்பு அவளை விடவில்லை. அக்கா வீட்டுக்காரர் பாக் ஹர்தோயோவை இந்த சோலோ நகரத்தில் எனக்கும் பல வருஷமாகத் தெரியும். எங்கள் பக்கம் பாக் என்றால் ஐயா, இபு என்றால் அம்மா. நல்ல மனிதர். தொழுகை தவறாதவர். இறைவன் அவருக்கு எல்லாம் கொடுத்தான். அடுத்தவர் முகத்தைப் பார்த்து மனதைப் படிக்கிற கண்ணை மட்டும் கொஞ்சம் நிறுத்தி வைத்துக்கொண்டான். அதற்கும் ஒரு காரணம் இருக்கும்.

பாக் ஹர்தோயோவுக்குத் தொழில் மெயில். தங்கும் விடுதி, பாதிக் துணிக்கடை, பல் டாக்டர் என்று ஊரிலுள்ள சின்னச் சின்ன ஆட்களுக்கெல்லாம் அவரவர் கடைப் பெயரிலேயே மெயில் முகவரி செய்துகொடுத்து, எல்லாவற்றையும் ஒரே சர்வரில் வைத்து நடத்துகிறார். சர்வர் எங்கோ ஜகார்த்தாவில் இருக்கிறது. அதை அதட்டுவது மட்டும் சோலோவில், அவர் வீட்டு முன்னறையில்.

அந்த முன்னறையில் இன்னொருவரும் உண்டு. கூண்டில் ஒரு மணிப்புறா. பெயர் கஞ்செங் சுவோரோ. மாண்புமிகு குரலார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் கல்யாணமாகி வெளியூர் போன பிறகு அந்த வீட்டில் பட்டம் போட்டு அழைக்கப்படுவது அது ஒன்றுதான். விடிந்ததும் கூவும். பாக் ஹர்தோயோ அதைப் பதிவுசெய்து, கீழே நாலு வரி நல்வாக்கும் சேர்த்து, மெயிலில் எல்லோருக்கும் அனுப்புவார். எல்லோருக்கும் என்றால் உண்மையிலேயே எல்லோருக்கும். வாடிக்கையாளர்கள், அவர்களுடைய வாடிக்கையாளர்கள், விடுதியில் எந்தக் காலத்திலோ ஒரு ராத்திரி தங்கிவிட்டுப் போன ஹாலந்துக்காரர்கள். தினமும்.

ஊருக்குள் பார்த்தவர்களை எல்லாம் புறா எப்படி என்று கேட்பார். அருமை பாக் என்பார்கள். எங்கள் ஊரில் வேறென்ன சொல்வோம்?

ஒருநாள் காலை விடுதிக்கார இபு நிங்ரும் வந்தார். பாக் ஹர்தோயோவின் வாடிக்கையாளர்களில் அவர்தான் பெரிய கை. உட்கார்ந்தார். தேநீர் குடித்தார். புறாவை விசாரித்தார், மழையை விசாரித்தார். எழுந்து செருப்பு மாட்டும்போதுதான் விஷயம் வெளியே வந்தது. பெருநாள் விடுமுறைக்கு அறை கேட்டவர்களுக்கு விடுதியிலிருந்து போகிற மெயில் எதுவும் போய்ச் சேரவில்லை. அனுப்பியது அனுப்பியபடியே திரும்பி வருகிறது.

"அவசரமில்ல பாக். நோன்பு தொடங்குறதுக்குள்ள சரியானா போதும். மருமகன்தான் ஜகார்த்தாவுல வேற யாரையோ பார்த்து வச்சிருக்கேங்கிறான்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். முகம் படிக்கத் தெரியாத பாக் ஹர்தோயோவுக்கே அந்தச் சிரிப்பு புரிந்துவிட்டது.

இபு நிங்ரும் போனால் மற்றவர்களும் பின்னாலேயே போவார்கள். கடையை மூட வேண்டியதுதான். மூடினால் போக இடமில்லாமல் இல்லை. செமாராங்கில் சுமியாதியின் அண்ணன் சிமென்ட் கடை வைத்திருக்கிறார். கணக்கு எழுத ஆள் வேண்டும், மாப்பிள்ளை எப்போது வந்தாலும் நாற்காலி தயார் என்று ஒவ்வொரு பெருநாளுக்கும் எல்லோர் காதிலும் விழும்படி சொல்கிறவர். மச்சானிடம் கைகட்டிச் சம்பளம் வாங்குவதா? சிமென்ட் தூசியில் கஞ்செங் சுவோரோவின் தொண்டை என்ன ஆவது?

பாக் ஹர்தோயோ கணினி முன் உட்கார்ந்தார். குப்பை மெயில் அனுப்புகிற சர்வர்களைக் குறித்து வைக்கிற கறுப்புப் பட்டியல்கள் உலகத்தில் ஏகப்பட்டவை இருக்கின்றனவாம். அதில் ஏதாவது ஒன்றில் விழுந்தாலும் பெரிய மெயில் கம்பெனிகள் வாசலைச் சாத்திவிடும். எல்லாப் பட்டியலையும் ஒரே மூச்சில் சோதித்துச் சொல்கிற தளம் ஒன்றில் தன் சர்வரின் எண்ணைப் போட்டார். பச்சை, பச்சை, பச்சை என்று வந்துகொண்டே இருந்தது. நடுவில் இரண்டு சிவப்பு.

வேறு யாராக இருந்தாலும் அவமானத்தில் சுருங்கியிருப்பார்கள். இவர் கோபத்தில் விரிந்தார். அந்த இரண்டு பட்டியல்காரர்களுக்கும் உடனே மனு எழுதினார். தான் கௌரவமான குடும்பம் என்றும், தன் பெரியப்பா அரண்மனையில் மத்தளம் வாசித்தவர் என்றும், சோலோவில் யாரை வேண்டுமானாலும் தன்னைப் பற்றி விசாரிக்கலாம் என்றும் எழுதினார். ஒருவரிடமிருந்து பதில் வந்தது: முதலில் காரணத்தைக் கண்டுபிடித்து நிறுத்துங்கள், பிறகு கேளுங்கள். இவர் மறுபடி எழுதினார், இன்னும் காரமாக. இந்தத் தடவை பதிலே இல்லை.

காரணம் என்று ஒன்று வேண்டுமாமே. அறையைச் சுற்றிப் பார்த்தார். புறாவைப் பார்த்தார், அது பாவம், கண்ணை மூடியிருந்தது. அப்போது சமையலறையிலிருந்து தேங்காய்ப்பால் கொதிக்கும் வாசனை வந்தது. காரணம் கிடைத்துவிட்டது.

சுமியாதி வீட்டிலேயே சமைத்து விற்கிறவள். அடுத்த வாரம் என்னென்ன சாப்பாடு என்று வெள்ளிக்கிழமைதோறும் தன் தொழுகைக் கூட்டத்துப் பெண்களுக்கு அதே சர்வரிலிருந்து ஒரு மெயில் போடுவாள். விற்பனை மெயில்! போதாததற்கு அதில் தள்ளுபடி என்ற சொல்லும் இருக்கும். குப்பை மெயிலுக்கு இதற்குமேல் என்ன அங்க அடையாளம் வேண்டும்?

"திக், உன் மெயிலை நிறுத்தணும்," என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அவளைத் திக் என்பார், அவள் அவரை மாஸ் என்பாள்.

"எதுக்கு மாஸ்?"

"உன் சோறுதான் என்னைக் கறுப்புப் பட்டியல்ல ஏத்தி உட்கார வச்சிருக்கு."

"அவங்களா கேட்டுத்தானே அனுப்புறேன்? ஒரு வாரம் லேட்டானா வாசல்ல வந்து நிக்கிறாங்க."

"இதெல்லாம் உனக்குப் புரியாது. இது விஞ்ஞானம். ஒண்ணை நிறுத்திட்டு மத்ததை அப்படியே விட்டுப் பார்க்கணும்."

"அப்போ புறா?"

"புறா என்ன விக்குது? ஊரே அதைக் கேட்டுத்தான் கண்ணு முழிக்குது. சந்தேகம்னா யாரை வேணும்னாலும் கேட்டுப் பாரு."

"சரிங்க மாஸ்," என்றாள் சுமியாதி.

அவளும் கேட்டுப் பார்த்தாள். நேராகக் கேட்டால் அருமை என்றுதான் பதில் வரும் என்று அவளுக்குத் தெரியாதா? காய் நறுக்க வந்த பெண்களோடு உட்கார்ந்து, வெங்காயத்தில் கண்ணை வைத்துக்கொண்டு, விடியக்காலையில் அந்தக் கூவல் தனக்கே சில நாள் தலைவலிதான் என்று போகிற போக்கில் ஒரு வார்த்தை விட்டாள். பல் டாக்டரின் மனைவி இபு யுலி கத்தியைக் கீழே வைத்துவிட்டாள்.

"எங்க வீட்டுக்காரர் தினம் அதைக் குப்பைன்னு ஒரு அமுக்கு அமுக்கிட்டுத்தான் இபு பல்லே விளக்குறார். பாக்கிட்ட போய் வேண்டாம்னு எப்படிச் சொல்றது? மனசு நோகுமே."

அப்புறம் ஒவ்வொருத்தியாக வாயைத் திறந்தார்கள். எல்லோர் வீட்டிலும் அதே பொத்தான். அவருடைய மனம் நோகக் கூடாது என்பதற்காக ஊரே சேர்ந்து அவருடைய சர்வரைக் குழியில் தள்ளியிருந்தது. மிச்சத்தை சூரபாயாவிலிருந்து மகன் போனில் சொன்னான். விடுதியில் தங்கிப்போனவர்களின் பழைய முகவரிகளில் பாதிக்கு இப்போது ஆளே இருக்காதாம். ஆளில்லாத முகவரிகளைப் பட்டியல்காரர்கள் எலிப்பொறி மாதிரி திறந்து வைத்திருப்பார்களாம். அங்கே எதையாவது அனுப்புகிறவனை, கேட்காதவனுக்கு அனுப்புகிறவன் என்று பிடித்துப் போட்டுவிடுவார்களாம்.

சுமியாதி கணவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவளும் சோலோக்காரிதானே. அவர் புறாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த நேரத்தில் கணினி முன் சற்று உட்கார்ந்திருந்தாள் என்பதோடு நான் இப்போதைக்கு நிறுத்திக்கொள்கிறேன்.

பாக் ஹர்தோயோவின் விஞ்ஞானம் நடந்தது. விடிந்ததும் புறா கூவியது, இவர் அனுப்பினார். பட்டியலில் தன் பெயரையும் போட்டிருந்ததால் அடுத்த நொடியே அவருடைய பெட்டியில் கணீரென்று வந்து விழுந்தது. பார்த்தாயா, புறாவுக்கு எந்தத் தடையும் இல்லை என்று மனைவியிடம் காட்டினார். அவளும் ஆமாம் என்றாள். பிறகு சிவப்பைப் போய்ப் பார்ப்பார். இருக்கும். மாலையில் பார்ப்பார். இருக்கும். நோன்பு நெருங்கிக்கொண்டே வந்தது. செமாராங் அண்ணன் போன் செய்து, சும்மாதான் கூப்பிட்டேன் என்றார்.

ஒருநாள் காலை ஒரு சிவப்பு தானாகவே பச்சையாகிவிட்டது. குப்பை வருவது நின்று கொஞ்ச நாள் அமைதியாக இருந்தால் சில பட்டியல்கள் தாமே விட்டுவிடும். மற்றது கேட்டால்தான் விடும். பாக் ஹர்தோயோ மறுபடி பெரியப்பாவிலிருந்து ஆரம்பித்தார். சுமியாதி தேநீர் வைத்துவிட்டு, காரணத்தை நிறுத்திவிட்டோம், தொந்தரவுக்கு மன்னியுங்கள் என்று மட்டும் எழுதினால் போதாதா மாஸ் என்றாள். கை வலித்ததால் அப்படியே எழுதினார். மறுநாள் அதுவும் பச்சை.

அன்று அந்த வீட்டைப் பார்த்திருக்க வேண்டும் என்றாள் ரத்மி. பாக் ஹர்தோயோ முன்னறைக்கும் கொல்லைக்கும் நடந்த நடையில் தரையே சூடாகிவிட்டதாம். இபு நிங்ருமின் மெயில்கள் போய்ச் சேர்ந்தன. பெருநாளுக்கு விடுதியில் ஓர் அறைகூடக் காலியில்லை. மருமகனின் ஜகார்த்தா ஆளைப் பற்றி அதன் பிறகு பேச்சே இல்லை. செமாராங்குக்கு இவரே போன் செய்து, நானும் சும்மாதான் கூப்பிட்டேன் மச்சான் என்றார்.

நோன்புக்கு முன்னால் வைக்கிற விருந்தை இந்தத் தடவை பெரிதாகவே வைத்தார். வாடிக்கையாளர்கள் எல்லோரும் வந்தார்கள். நடுவில் கூம்பாகக் குவித்த மஞ்சள் சோறு, சுற்றிலும் கோழி. துஆ ஓதி முடிந்ததும் பாக் ஹர்தோயோ எழுந்தார். நம் எல்லோருக்கும் வந்த ஆபத்தை விரட்ட, கட்டின மனைவி என்றுகூடப் பார்க்காமல் தான் எடுத்த முடிவை விவரித்தார். பிறகு கையை உயர்த்தினார்.

"எந்த மெயிலால இந்தக் கறை வந்துச்சோ, அது இனிமே என் சர்வரை விட்டு வெளிய போகாது. உறவுன்னும் பார்க்க மாட்டேன், செல்லம்னும் பார்க்க மாட்டேன். இது என் வாக்கு. நீங்க எல்லாரும் சாட்சி."

ஆமீன் என்றார்கள் எல்லோரும்.

உட்கார்ந்தவருக்கு மனம் இளகிவிட்டது. பக்கத்திலிருந்த இபு நிங்ருமிடம், இந்த வாரங்களில் புறா எப்படி என்று கேட்டார்.

"இவ்வளவு அருமையா எப்பவுமே இருந்ததில்ல பாக்." உள்ளத்திலிருந்து வந்தது அது.

"இப்படியே இருக்கட்டும் பாக், மாத்திடாதீங்க," என்றார் பல் டாக்டர். சுற்றியிருந்த தலைகள் எல்லாம் ஆடின.

பாக் ஹர்தோயோவின் முகம் பூரித்தது. சோறு பரிமாறிக்கொண்டிருந்த மனைவியின் பக்கம் திரும்பினார். "கேட்டியா திக்?"

"கேட்டேன் மாஸ். நல்ல வாக்கு கொடுத்தீங்க." சுமியாதி குனிந்து நல்ல கோழித் துண்டாகப் பார்த்து அவர் தட்டில் வைத்தாள். அவர் காதுக்கு மட்டும் சொன்னாள்: "என் சாப்பாட்டு மெயில் ஒரு வெள்ளிக்கிழமைகூட நிக்கல. புறா மெயில்லதான் உங்க பேரைத் தவிர எல்லாப் பேரையும் எடுத்துட்டேன். இத்தனை நாளா அதைக் கேட்டது நீங்க ஒருத்தர்தான்."

இதைப் படிக்கிற உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். யாராவது ஆசையாக அனுப்புகிறது உங்களுக்கு வேண்டாமென்றால், பொத்தானை அமுக்குவதற்கு முன்னால் அவரிடமே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.