மின்வெட்டில் தவமிருந்த தேங்காய்

கொழும்பு வெள்ளவத்தையில் கடவுள் தேங்காய்க்குள் குடிவந்துவிட்டார். அதுவும் வாடகை வீட்டில்.

கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கை. அதில் ஒரு மாடி. அங்கே முக்கண் சுவாமிகள் என்கிற சின்னராசா, பித்தளைச் செம்பில் மாவிலை வைத்து, மேலே ஒரு தேங்காயை இருத்தியிருந்தார். கேள்வி கேட்டால் தேங்காயின் கண் எரியும். பச்சை என்றால் செய்யலாம். சிவப்பு என்றால் கூடாது. மஞ்சள் என்றால் அடுத்த வெள்ளி மறுபடியும் தட்சணையோடு வரவேண்டும்.

கனடா விசா வருமா? மாப்பிள்ளை குடிப்பாரா? லொட்ஜுகளில் காத்துக்கிடந்த யாழ்ப்பாணத்துச் சனம் முழுவதும் அந்தப் படிக்கட்டில்தான் நின்றது. கொட்டாஞ்சேனையிலிருந்தும் பஸ் ஏறி வந்தார்கள். படித்தவர்களும் வந்தார்கள். அவர்கள் இங்கிலீஷில் கும்பிட்டார்கள்.

அது மழை பொய்த்த வருடம். நாளும் பொழுதும் மின்வெட்டு. மின்சாரம் போனால் தேங்காயின் கண்ணும் மூடிவிடும். "தேங்காய் தவத்திலை இருக்குது" என்பார் சுவாமிகள். பேப்பரில் வந்த மின்வெட்டு நேரசூசியைப் பார்த்துத் தவமிருக்கிற தெய்வம் என்ன தெய்வம் என்று ஒருவரும் கேட்கவில்லை.

பென்ஷன் எடுத்த கிளார்க் நமசிவாயத்துக்குக் குடலிறக்கம். களுபோவில ஆஸ்பத்திரி டொக்டர் உடனே ஒப்பரேஷன் செய்யச் சொல்லிவிட்டார். நமசிவாயம் தேங்காயிடம் போனார்.

"ஒவ்வொரு வெள்ளியும் கேட்டிட்டன் பிள்ளை. எப்பவும் சிவப்புத்தான்" என்றார் மகள் அருந்ததியிடம். முகத்தில் கவலையைக் காணோம்.

"பிந்தினால் குடல் முறுக்கிப்போடும், உயிருக்கே ஆபத்தெண்டு டொக்டர் சொன்னவரெல்லோ அப்பா?"

"தெய்வமே வேண்டாமெண்டால் எப்பிடிப் பிள்ளை வெட்டுறது?" என்று தாய் அன்னபாக்கியம் மூக்கைச் சிந்தினார்.

அருந்ததி எஞ்சினியர். லிஃப்டுக்கும் மெஷினுக்கும் உள்ளே வைக்கிற சின்னச் சின்னச் சிப்புகளுக்குப் புரோகிராம் எழுதுவது அவள் வேலை. வீட்டில் அவள் பேச்சுக்கு ஒரு தேங்காயின் மதிப்புக்கூட இல்லை. அப்பா செத்துப்போவாரோ என்ற பயத்தில் அவளுக்கு இரவில் நித்திரையும் இல்லை. இரண்டு வெள்ளி அந்த மாடிக்குப் போய், மூலையில் இருந்து பார்த்தாள். மூன்றாம் வெள்ளி, மின்சாரம் வந்த கையோடு தானே முன்னால் போனாள்.

"அப்பாவுக்கு ஒப்பரேஷன் செய்யலாமோ?"

பச்சை! கூட்டம் "ஆகா" என்றது. நமசிவாயத்தின் முகம் வாடிவிட்டது.

அருந்ததி எட்டி மெயின் சுவிட்சை அணைத்தாள். மறுபடி போட்டாள். "ஒப்பரேஷன் செய்யாமல் விடலாமோ?"

பச்சை.

அணைத்தாள், போட்டாள். "இந்தத் தேங்காயைத் துருவிச் சம்பல் போடலாமோ?"

சுவாமிகளின் கால் பெருவிரல் பழக்கதோஷத்தில் பாயை அமத்திவிட்டது. பச்சை. தேங்காய்க்குச் சம்மதம்!

"தெய்வத்தோடை விளையாடாதை!" என்று சுவாமிகள் பாய்ந்தார். அதற்குள் அவள் தேங்காயைத் தூக்கிவிட்டாள். அடியில் சிவப்பும் கறுப்புமாக வயர்கள் தொங்கின.

யுத்தகாலக் கொழும்பில், ஒரு மாடிவீட்டில், வயர் தொங்குகிற உருண்டை.

"ஐயோ, குண்டு!"

பக்தி பறந்தது. படிக்கட்டில் ஆளுக்கு மேல் ஆள். "பொலிசுக்குச் சொல்லுங்கோ!" என்று யாரோ கத்த, சுவாமிகள் செம்புக்கு முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

"குண்டில்லை! சத்தியமா குண்டில்லை! ஒரு சிப்பும் மூண்டு பல்ப்பும்தான்! புறக்கோட்டைக் கடையிலை வாங்கினனான். பாய்க்குக் கீழை பட்டன். பொலிசைக் கூப்பிடாதேங்கோ!"

இப்படி ஒரு வாக்குமூலத்தை எந்தப் பொலிசும் அடிக்காமல் வாங்கியிராது.

கூட்டம் மெல்லத் திரும்பி வந்தது. அருந்ததி சிப்பைக் கழற்றிக் காட்டினாள். கறுப்பாக, இரண்டு பக்கமும் கால் முளைத்து, ஒரு பூச்சி மாதிரி இருந்தது.

"இது உங்கட கேள்வியைக் கேக்கிறேல்லை. இதுக்குக் காதே இல்லை. பட்டனை அமத்த அமத்த, எழுதிக் குடுத்ததை வரிசையாச் செய்யும். கறண்ட் போய் வந்தால் எல்லாத்தையும் மறந்திட்டு முதலிலையிருந்து தொடங்கும். அதாலை முதல் ஆளுக்கு எப்பவும் பச்சை. ரெண்டாவது ஆளுக்கு எப்பவும் சிவப்பு."

"ஒவ்வொருதரமும் வேறை இடத்திலை தொடங்கிறமாதிரி எப்பிடிப் பிள்ளை எழுதிறது?" என்று சின்னராசா தரையில் கிடந்தபடியே கேட்டார். தொழில் பக்தி!

அப்போது பக்கத்து வீட்டுப் பத்மாவதி கன்னத்தில் கைவைத்தார்.

"ரெண்டாவது சிவப்போ? அதுதான் நமசிவாயம் அண்ணை எப்பவும் என்னை முன்னுக்கு விட்டவர்! 'கறண்ட் வந்திட்டுது, நீங்கள் கேளுங்கோ தங்கச்சி, நான் பிறகு' எண்டு!"

எல்லாத் தலையும் திரும்பியது. நமசிவாயம் கூரையைப் பார்த்தார்.

"கத்தியெண்டால் எனக்குப் பயமப்பா" என்றார் கடைசியில்.

"நான் விரதம் பிடிச்சு அழுதுகொண்டிருக்க, நீங்கள் கியூவிலை இடம் பிடிச்சனீங்களோ?" அன்னபாக்கியம் அவர் கையைப் பிடித்துப் படியிறக்கினார். திங்கட்கிழமை களுபோவிலவில் ஒப்பரேஷன். வயிறும் பிழைத்தது, ஆளும் பிழைத்தார். தேங்காய் சொன்னபடியே சம்பலாகிவிட்டது.

அத்தனை கூட்டத்தில் அந்தத் தேங்காயைக் கவனித்துப் பார்த்த பக்தர் நமசிவாயம் ஒருவர்தான். அவரும் அதை வெளியே சொல்லவில்லை. சரி, நீங்கள்? உங்கள் கழுத்துக்கு மேலேயும் ஓர் உருண்டை இருக்கிறது. அதற்குள் புறக்கோட்டையில் கிடைக்காத சரக்கு இருக்கிறது. மின்வெட்டும் அதற்கு இல்லை. சுவிட்சை எப்போது போடப்போகிறீர்கள்?