சைரன் அக்காவின் புதுக் குரல்

பழவேற்காட்டில் சைரன் அக்கா கூவாத நாளில் பொழுது விடிந்ததாக யாரும் ஒப்புக்கொண்டதில்லை. படகுகள் ஒதுங்கும் தோணிரேவிலிருந்து தலையில் மீன் கூடையோடு எங்கள் தெருவுக்குள் நுழையும்போதே "நண்டேய்ய்ய்!" என்று ஒரு குரல் கொடுப்பாள். துபாயிலிருந்து போனில் பேசிக்கொண்டிருந்த என் மச்சான், பேச்சை நிறுத்திவிட்டு "அங்க நண்டு வந்துட்டுதா?" என்று கேட்டிருக்கிறான். அவளுடைய நிஜப் பெயர் அவள் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும்.

அப்படிப்பட்டவளுக்குத் தொண்டையில் கட்டி. சென்னையில் ஆபரேஷன் செய்தார்கள். உயிர் தப்பியது, குரல் போய்விட்டது. சைக்கிள் ட்யூபில் காற்று இறங்குகிற மாதிரி ஒரு சத்தம்தான் மிச்சம்.

உடம்பு தேறியதும், கடைத்தெருவில் இருக்கும் என் கம்ப்யூட்டர் கடைக்கு வந்தாள். நான் யோசனை சொன்னேன். "யாரையாவது கூவவெச்சு ரெக்கார்டு பண்ணி ஸ்பீக்கர்ல போட்டுக்கோக்கா. பூண்டு விக்கிறவன்லாம் அப்படித்தானே பண்றான்."

"அது எவளோ கூவுறது பாய்," என்று கிசுகிசுத்தாள். "எனுக்கு நானே கூவணும்."

மடியிலிருந்து உள்ளங்கை அளவு ஒரு சாமானை எடுத்து மேசையில் வைத்தாள். சரக்குக் கப்பலில் சமையல்காரனாக இருக்கும் அவள் தம்பி, ஜப்பானில் தன் மகளுக்காக வாங்கிய பாட்டுக் கீபோர்டு. மகள் நாலே நாளில் அலுத்துப்போய்த் தூக்கிப் போட்டுவிட்டாளாம். கட்டைகளுக்குப் பதில் ஒரு தகடு. ஒயர் கட்டிய பேனாவால் தொட்டால் சின்னப் பெண்ணின் குரலில் பாடும். கம்ப்யூட்டரில் செருகி, இசை கோக்கும் சாஃப்ட்வேரைத் திறந்தால், நாம் கொடுக்கும் வார்த்தைகளையும் பாடவைக்கலாம். ஆனால் எல்லாம் ஜப்பான் எழுத்துகளில்தான். அதில் 'ல' கிடையாது. 'ழ'வைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஊர்ப் பெயரைப் பாடச் சொன்னேன். "பராவேருகாடு" என்றது.

"'ழ' வரலியேக்கா."

"நம்மூர்ல எவன் பாய் அத்த சொல்றான்?"

தினமும் மதியம் வந்தாள். எழுத்து என் வேலை, ராகம் அவள் வேலை. திரையில் ஒவ்வொரு எழுத்தும் ஒரு சின்னக் கட்டமாக நிற்கும். அதை மேலே ஏற்றினால் குரல் ஏறும், நீட்டினால் இழுக்கும். "இன்னும் மேல தூக்கு பாய். அங்கதான் மாடிவூட்டுக்காரி ஜன்னலத் தொறப்பா," என்பாள். இத்தனை வருடம் அவள் சும்மா கத்துகிறாள் என்றே நினைத்திருந்தேன். நண்டுக்கு இறங்கும், எறாவுக்கு ஏறும், மடவைக்கு நடுவில் ஒரு குலுக்கல். எல்லாவற்றுக்கும் கணக்கு வைத்திருந்தாள்.

கூவல் முடிந்ததும் திட்டு வேண்டும் என்றாள். திட்டாமல் மீன் விற்க முடியாதாம். பதினோரு திட்டு கோத்துக் கீபோர்டுக்குள் ஏற்றினோம். இனிக் கம்ப்யூட்டர் வேண்டாம், பேனாவால் தொட்டால் போதும். "பேமானி" பிரமாதமாக வந்தது. "கசுமாலம்" மட்டும் "கசுமாராமு" என்று யாரோ தூரத்து உறவுக்காரர் பெயர் மாதிரி ஒலித்தது.

முதல் நாள் மாட்டியவர் சர்வேயர் சார். ரிட்டயராகியும் அளப்பதை விடாதவர். ஒவ்வொரு நண்டையும் புரட்டி, வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டுப் பாதி விலைக்குக் கேட்டார். அக்கா பேனாவை எடுத்தாள். கூடையில் தொங்கிய ஸ்பீக்கரிலிருந்து தேன் ஒழுக, "பே...மா...னீ..." என்று ஒரு குரல். தெருவே சிரித்தது. சாரும் சிரித்தார். கூடை சீக்கிரமே காலி. மறுநாள் அடுத்த தெருக்காரர்கள் திட்டு வாங்குவதற்கென்றே வந்தார்கள்.

நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். அன்று மதியம் அக்கா வந்து, கீபோர்டை மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"இன்னாக்கா?"

"முன்னெல்லாம் நான் திட்னா அந்த சர்வேயரு ரெண்டு நாளு என் கண்ணுலயே படமாட்டாரு. இன்னிக்கு ஒன்ஸ் மோர் கேக்குறாரு பாய்." கண் கலங்கியிருந்தது. "கொரலுதான் பூட்ச்சின்னு நெனச்சேன். மருவாதியும் பூட்ச்சி."

டீ வாங்கிக் கொடுத்தேன். அது ஆடை கட்டிக் கிடந்தது. கடைசியில் அவளே சொன்னாள். "திட்டையெல்லாம் எட்துடு. நண்டு, எறா, அதுங்க பேரும் வோணாம். வெறும் 'ஆ' போடு. ராகம் மட்டும் இருக்கட்டும்."

"இன்னா மீனுன்னு எப்படிக்கா தெரியும்?"

"தெரியுதான்னு பாப்போம்."

மறுநாள் காலை, பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவன்போல வாசலில் நின்றேன். தெருமுனையில் "ஆஆஆ" என்று ஏறியது. அதே பொம்மைக் குரல்தான். யாரும் சிரிக்கவில்லை. மாடி ஜன்னல் திறந்தது. "எறா வந்துட்ச்சிடி, குண்டான எடு!" என்று உள்ளே பார்த்துக் கத்தினாள் மாடிவீட்டுக்காரி. ஒவ்வொரு வீடாகக் கதவு திறந்தது. சர்வேயர் சாரும் பையோடு வந்து, பழக்கதோஷத்தில் பாதி விலை கேட்டார். அக்கா பேனாவைக் கொண்டையில் செருகிக்கொண்டு அவரை ஒரு பார்வை பார்த்தாள். சார் அவள் சொன்ன விலைக்கே வாங்கிக்கொண்டு நடையைக் கட்டினார்.

போன மாதம் பொன்னேரிக்குப் போன நான், திரும்பும் வழியில் ஒரு கடையில் ஐஸ் பெட்டி மீன் அரைக் கிலோ வாங்கிவிட்டேன். கடைத்தெருவில் எதிரே அக்கா. என் கையிலிருந்த பையைப் பார்த்தாள். கூடையை இறக்கி வைத்து, கீபோர்டை அதற்குள் போட்டாள். என் காதருகே வந்தாள்.

"இன்னாத்துக்கு பாய் ஐஸ் மீனு துன்ற? நான் இன்னா செத்தா பூட்டேன்?"

அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு மூச்சு வாங்கியது. கூடையில் ஸ்பீக்கரோடு கூடிய இயந்திரம் இருக்க, இருந்த அந்தத் துளிக் குரலை என்னைத் திட்டவா எடுத்துச் செலவழித்தாள்! மறுநாள் காலை தெருமுனையில் "ஆஆஆ" கேட்பதற்கு முன்பே குண்டானோடு வாசலில் நின்றேன்.