ஒரு பக்கம் பச்சை

“கண் ஆபரேஷன் செஞ்சவங்களுக்குப் பச்சைத் துணி கட்டி விடுவாங்கல்லா, அது மாதிரி இருக்கு” என்று சொல்லிவிட்டுச் சம்பந்தியம்மாள் சாரம்மாள் ஆட்டோவில் ஏறிப் போய்விட்டாள்.

அவள் குற்றமாகச் சொல்லவில்லை. கல்யாணத் தேதியைப் பேசி முடித்து, காப்பி குடித்து, வாசலுக்கு வந்தவள், அங்கே நின்ற வெள்ளை அம்பாசடர் காரைப் பார்த்து ஏதாவது சொல்லவேண்டுமே என்று சொன்னதுதான். ஆனால் ஞானசௌந்தரிக்கு அன்று மத்தியானம் சோறு இறங்கவில்லை.

காரின் மூன்று கதவுக் கண்ணாடிகளில் பழுப்பு நிறக் கூலிங் பேப்பர் ஒட்டியிருந்தது. முன்பக்கம் இடது கதவில் மட்டும் பச்சை. வாங்கும்போதே அப்படித்தான் இருந்தது. பழைய சொந்தக்காரர் எப்போதோ அந்தக் கண்ணாடியை உடைத்துவிட்டு, அகப்பட்டதை ஒட்டியிருக்கிறார். பாளையங்கோட்டைப் பள்ளிக்கூடத்தில் காலமெல்லாம் பூகோளம் நடத்தி ஓய்வுபெற்ற அவள் கணவர் இஸ்ரவேல் சாருக்கு அது ஒரு விஷயமாகவே பட்டதில்லை. கார் என்றால் ஓடவேண்டும். இது ஓடியது.

“நம்ம பிள்ளை இந்தப் பச்சையோடதான் கோயிலுக்குப் போய் இறங்கணுமா? பேசாம எங்க அண்ணன் காரைச் சொல்லிருவோம். அங்க டிரைவரும் இருக்கான்” என்றாள் ஞானசௌந்தரி.

கார் கூடப் பரவாயில்லை. டிரைவர் என்ற சொல்தான் அவரைத் தைத்தது.

“எம் மக கிறிஸ்டியை நான்தான் ஓட்டிக் கூட்டிட்டுப் போவேன்” என்றார். “கண்ணாடியைச் சரி பண்ணிருதேன். அது எத்தனை நேரத்து வேலை?”

இஸ்ரவேல் சார் ஓய்வுபெற்ற பிறகுதான் கார் ஓட்டப் படித்தார். லேட்டாகப் படித்தாலும் ஒழுங்காகப் படித்தோம் என்று அவருக்கு ஒரு நிறைவு இருந்தது. இதுவரை வண்டியில் ஒரு கீறல் கிடையாது. அதைவிடப் பெரிய நிறைவு, ஊர் அவருக்குக் கொடுத்த மரியாதை. அவர் வண்டி திரும்பும்போதே ஆட்டோக்கள் ஓரங்கட்டும். சைக்கிளில் வருகிறவர்கள் இறங்கி நிற்பார்கள். ஊரில் பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள். மீதிப் பேர் அவர்களுடைய அப்பாக்கள். ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல் எல்லோருக்கும் தலையை மட்டும் அசைத்துக்கொண்டு போவார்.

மறுநாள் மேலப்பாளையத்துக்குப் போனார். அங்கே அசன் முகம்மது என்பவர் கார்களுக்கு சீட் கவரும் கூலிங் பேப்பரும் போடும் கடை வைத்திருந்தார். வழியில் ஒரு டவுன் பஸ்ஸே நின்று சாருக்கு வழிவிட்டது.

அசன் முகம்மது காரை ஒருமுறை சுற்றி வந்தார்.

“இந்தப் பழுப்பு இப்ப வாறதில்ல சார்வாள். வந்தாலும் சேராது. உங்களது வெயில்ல வெளுத்துப் போயிருக்கு. ஆனா இதே பச்சை நம்மகிட்ட ரோலா கிடக்கு. மத்த மூணையும் பச்சையாக்கிட்டா நாலும் ஒண்ணாயிரும்லா?”

சாருக்கு அது நியாயமாகப் பட்டது. மூன்று கண்ணாடியிலும் பச்சை ஒட்டினார்கள். கடைக்குள் டியூப் லைட் வெளிச்சத்தில் நான்கும் கூடப்பிறந்தவை மாதிரி இருந்தன.

வீட்டு வாசலில், வெயிலில், அப்படி இல்லை. பழையது வாழையிலை. புதியவை மூன்றும் வாழைக்குருத்து.

ஞானசௌந்தரி படியில் நின்றபடியே பார்த்தாள். “முன்னால ஒரு கண்ணுலதான் ஆபரேஷன் ஆயிருந்துது. இப்ப ரெண்டு கண்ணுலயும் ஆயிட்டு” என்று சொல்லி உள்ளே போனாள்.

சார் திரும்பவும் மேலப்பாளையம் போனார். அசன் முகம்மது கண்ணாடிகளை வெயிலில் வைத்துப் பார்த்து, வருத்தப்பட்டு, ஒரு யோசனை சொன்னார். நான்கு பச்சைக்கும் மேலே மெல்லிசாக ஒரு பழுப்புப் பேப்பரை ஒட்டிவிட்டால் வித்தியாசம் அமுங்கிப்போகும். பள்ளிக்கூடத்தில் பூகோளப் படங்களுக்கு வர்ணம் தீட்டியவர் என்ற முறையில் சாரும் அதை ஒப்புக்கொண்டார்.

வித்தியாசம் அமுங்கத்தான் செய்தது. பச்சையும் பழுப்பும் சேர்ந்து குறுக்குத்துறைப் படித்துறையின் பாசி நிறத்துக்கு வந்தது. இரண்டு பேப்பருக்கும் நடுவில் காற்றுக் கொப்புளங்கள் வேறு. அவர் பக்கத்துக் கண்ணாடியை இறக்கிக்கொண்டாலும், உள்ளேயிருந்து பார்த்தால் இடது பக்கம் ஆற்றுக்கு அடியில் இருப்பதுபோலத் தெரிந்தது. சார் அந்தப் பக்கத்தை உத்தேசமாக வைத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார். அன்றைக்கு மரியாதை இன்னும் கூடியிருந்தது. தெற்கு பஜாரில் ஒரு பெண், நடந்து வந்த பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு கடைக்குள் ஏறி நின்றாள்.

“கல்யாணச் செய்தி ஊர் பூரா பரவிட்டு போலுக்கு” என்றார் மனைவியிடம்.

“பாசி பிடிச்ச செய்தியும் பரவியிருக்கும்” என்றாள் அவள்.

இனி யாரையும் நம்புவதில்லை என்று சாரே களத்தில் இறங்கினார். ஒரு வாளி வெந்நீர், பழைய பிளேடு, தேங்காய்நார். மேலே ஒட்டிய பழுப்பு அங்கங்கே வந்தது. அதோடு சேர்ந்து பச்சையும் அங்கங்கே வந்தது. இரண்டும் வராத இடங்களில் பசை மட்டும் வெள்ளையாகத் திரண்டு நின்றது. சாயங்காலம் டைப்ரைட்டிங் வகுப்பு முடிந்து வந்த கிறிஸ்டி, முன்பக்க இடது கண்ணாடிக்கு முன் நின்று வெகுநேரம் பார்த்தாள்.

“அப்பா, இது ஆப்பிரிக்கா.”

சாரும் பார்த்தார். மடகாஸ்கர் உட்பட ஆப்பிரிக்காதான்.

“இப்படியே போவோம்ப்பா. எனக்கு ஒண்ணுமில்ல. நீங்க ஓட்டினா எனக்குப் போதும்” என்றாள் அவள்.

அவள் அப்படிச் சொன்ன பிறகு எப்படி அப்படியே விடுவது? ஆப்பிரிக்காவையும் பாசியையும் சுமந்துகொண்டு மூன்றாவது முறையாக அசன் முகம்மதுவின் கடைக்குப் போய் நின்றார். போகும் வழியில் ஓர் ஆட்டோ ஸ்டாண்டே காலியாகி வழிவிட்டது.

இந்த முறை அசன் முகம்மது யோசனை எதுவும் சொல்லவில்லை. காரைப் பார்த்துத் தலையில் கைவைத்தார்.

“வண்டி இங்கன நிக்கட்டும் சார்வாள். மதுரையில இருந்து புது ரோல் வரவழைக்கேன். நாலும் ஒரே ரோல்ல வெட்டுனாத்தான் ஒண்ணா இருக்கும். இதை நான் முதல்லயே செஞ்சிருக்கணும். நீங்க பஸ்ல போங்க. கல்யாணத்துக்கு முன்னால நானே கொண்டாந்து விடுதேன்.”

சொன்னபடியே செய்தார். பச்சை, பாசி, பசை எல்லாவற்றையும் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து எடுத்து, இளம் பழுப்பில் நான்கு கண்ணாடிகளையும் ஒட்டி, கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானம் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். ஞானசௌந்தரி குடையைப் பிடித்துக்கொண்டு காரை வலம் வந்தாள். உச்சி வெயிலில் பார்த்தாள். வேப்பமர நிழலில் நிறுத்தச் சொல்லிப் பார்த்தாள். ஒரு பொட்டு வித்தியாசம் இல்லை.

“ஊர்ல இருக்க எல்லா அம்பாசடர் மாதிரியும் ஆயிட்டு. யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க” என்று முதன்முறையாகச் சிரித்தாள். அசன் முகம்மதுவுக்கு இரண்டாவது டம்ளர் காப்பியும் கிடைத்தது.

கல்யாணத்தன்று காலை இஸ்ரவேல் சார் கோட்டு போட்டுக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடித்தார். பின்சீட்டில் வெள்ளைப் பட்டும் தலையில் நெட் முக்காடுமாகக் கிறிஸ்டி, பக்கத்தில் அவள் அம்மா. கண்ணாடிகள் நான்கும் ஒன்றுபோல வெயிலை வடித்து உள்ளே விட்டன.

தெருமுனை திரும்பியதும் ஓர் ஆட்டோ குறுக்கே புகுந்து போனது. சாருக்கு ஆச்சரியமாக இருந்தது. அடுத்து ஒரு சைக்கிள்காரன் காரின் இடது பக்கத்தை உரசிக்கொண்டே கூட வந்தான்; இறங்கவுமில்லை, ஒதுங்கவுமில்லை. சார் அவனுக்குத் தலையை அசைத்துப் பார்த்தார். அவன் கண்டுகொள்ளவில்லை. தெற்கு பஜாரில் ஜனங்கள் அவரவர் பாட்டுக்கு ரோட்டில் நடந்தார்கள். டவுன் பஸ்காரன் பின்னாலிருந்து ஹாரன் அடித்து, அவரைத் தள்ளாத குறையாகத் தாண்டிப் போனான். ஒரே நாளில் ஊருக்கு என்ன வந்துவிட்டது என்று அவருக்குப் புரியவில்லை. வேர்த்தது.

கோயில் கோபுரம் தெரியும் திருப்பத்தில், இடது ஓரமாக ஒரு பழவண்டி நின்றது. வழக்கம்போல அது நகரும் என்று சார் திருப்பினார். அது நகரவில்லை. அம்பாசடரின் இடது கன்னம் வண்டியின் சக்கரத்தில் இடித்து நின்றது. வாழைத்தார்கள் ரோட்டில் சரிந்தன. யாருக்கும் அடியில்லை. ஆனால் முன்கதவில் நீளமாக ஒரு கோடு விழுந்துவிட்டது.

சார் ஸ்டியரிங்கின்மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். கிறிஸ்டிதான் கதவைத் திறந்து இறங்கி, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, அவர் பக்கம் வந்தாள்.

“வாங்கப்பா. இந்தா இருக்கு கோயில். பைய நடந்தே போயிரலாம்.”

அப்படியே அவர் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். வாசலில் காத்து நின்ற மாப்பிள்ளை மெர்வின் வீட்டார், அப்பாவும் மகளும் நடந்து வந்த அழகைப் பார்த்து அது ஏற்பாடு என்றே நினைத்தார்கள். சாரம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. குருவானவர் ஆசீர்வதித்தார். கல்யாணம் குறைவில்லாமல் நடந்தது.

விருந்து பந்தி நடக்கும்போது இஸ்ரவேல் சார் மட்டும் மெதுவாகத் திருப்பத்துக்கு வந்தார். பழவண்டிக்காரர் பூதத்தான் தார்களை அடுக்கிவிட்டு, சாரின் காரையும் ஓரமாகத் தள்ளி நிறுத்திக் காவல் இருந்தார். சார் அவரிடம் மன்னிப்புக் கேட்டார். சாப்பிட வரச்சொல்லிக் கூப்பிட்டார். பிறகு மனசு தாங்காமல் கேட்டே விட்டார்.

“எப்பவும் என் வண்டியைக் கண்டா எல்லாரும் எவ்வளவு மரியாதையா ஒதுங்குவீங்க? இன்னைக்கு ஏன் ஒருத்தரும் ஒதுங்கல?”

பூதத்தான் காரின் நான்கு கண்ணாடிகளையும் ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னார்.

“நீங்கதான் வாறியன்னு எங்களுக்கு எப்படித் தெரியும் சார்வாள்? அந்தப் பச்சை தூரத்துல தெரிஞ்சாத்தான நாங்க உயிரைக் கையில பிடிச்சிட்டு ஓடுவோம்.”